என் சாட்சியை வாசித்த அண்ணி

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கையெழுத்தில் நான்கு தாள் நீளத்துக்கு வந்த கடிதம் இது. ஆளை இனங்காணக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, எழுதியவரின் சம்மதத்துடன் சாரத்தைத் தருகிறேன்.

அவருக்கு 39 வயது. கூட்டுறவுச் சங்கமொன்றில் லிகிதர். சைவக் குடும்பத்தில் பிறந்து, மீள்குடியேறிய பிறகு 2011இல் ஊரிலுள்ள சிறிய சபையொன்றில் ஞானஸ்நானம் பெற்றவர். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கவிதையும் கதையும் எழுதுவார்; இப்போது சபையின் மாத இதழில் எழுதுகிறார். இறுதிப் போரின்போது, 2009 ஏப்ரல் 20 அன்று, போர் வலயத்திலிருந்து புதுமாத்தளன் பக்கத்தால் சனம் வெளியே வந்தபோது தாயைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன், அண்ணி, 3 வயது மகள் மூவரும் உள்ளே நின்றுவிட்டார்கள். மே 18 அன்று வட்டுவாகலில் அண்ணன் இராணுவத்திடம் சரணடைந்தார். அவரை பஸ்ஸில் ஏற்றியதை அண்ணி கண்ணால் கண்டார். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய போராட்டத்தில், கணவனின் படத்தோடு போய் இருக்கிறவர்களில் இந்த அண்ணியும் ஒருவர்.

சென்ற வருடம் இவர் இதழில் ஒரு 'சாட்சி' எழுதினார். அதில் அண்ணன் ஷெல் பட்டு இவர் மடியில் உயிர் விடுகிறார்; கடைசி மூச்சில் இயேசுவின் நாமத்தைச் சொல்கிறார்; அண்ணி எல்லாரையும் மன்னித்துச் சமாதானம் அடைகிறார். ஆராதனையில் வாசித்தபோது சபையே அழுததாம். ஆனால் அதை ஒரு சிநேகிதியின் போனில் முதலில் வாசித்தது, இப்போது உயர்தரம் எழுதிவிட்டு இருக்கிற அண்ணனின் மகள். 'சித்தப்பா, அப்பா செத்தது உங்களுக்கு முந்தியே தெரியுமா?' என்று ஒரேயொரு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அன்றிலிருந்து அண்ணி வாசலில் நின்றும் கதைப்பதில்லை.

இவருடைய கேள்விகள்: சுவிசேஷத்துக்காக எழுதியது பிழையா? எழுத்தையே விட்டுவிடவா? அல்லது சபைத் தலைவர் சொல்வதுபோல வேலையை விட்டுக் கொழும்புக்குப் போய் முழுநேரமாக எழுத்து ஊழியம் செய்யவா? ஊர்ப் பெண்களின் சாட்சிகளைத் திரட்டிப் புத்தகம் போட வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது, அதை ஏற்கலாமா? 'அண்ணி ஆண்டவரை ஏற்றுக்கொண்டால் இந்தக் கசப்பு மாறிவிடும்தானே' என்றும் கேட்கிறார்.

தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம்தான் வந்தது, அந்தப் பிள்ளையை நினைத்து. இரண்டாம் தரம் ஒரு வரியில் தடக்கி நின்றேன்: 'நான் வரமாட்டன் எண்டுதான் நிண்டனான், அண்ணன்தான் அம்மாவைக் கொண்டுபோ எண்டு தள்ளிவிட்டவன்.' அதற்குப் பிறகு கோபம் நிற்கவில்லை. மூன்றாம் தரம் வாசித்தபோது இன்னொரு வரி கண்ணில் பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் உளவளத்துணையாளர். சட்டத்தரணியும் இல்லை, போதகரும் இல்லை. மடு ஆடித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்க் காட்டுக்குள் கொட்டில் போட்டுத் தங்கி வளர்ந்தவள். நீங்கள் சுவிசேஷம் என்பதை எங்கள் வீட்டில் நற்செய்தி என்போம், புத்தகம் ஒன்றுதான். ஆகவே சில இடங்களில் அந்தப் புத்தகத்தை வைத்தே உங்களோடு வழக்காடப் போகிறேன், குறை நினைக்காதீர்கள்.

மடியில் இறந்த அண்ணன்

ஏன் 'மடியில்' என்று எழுதினீர்கள்? வாசிக்கிறவர் மனதில் பதியக் கதைக்காகச் சேர்த்தேன் என்கிறீர்கள். எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். நான் அதை முழுதாக நம்பவில்லை. ஷெல்லில் போய்விட்டார் என்று மட்டும் எழுதியிருந்தாலும் உங்கள் சபை அழுதிருக்கும். 22 வயதில் அண்ணனை உள்ளே விட்டுவிட்டு வந்தவர், 16 வருடம் கழித்துத் தன் மடியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்திருக்கிறார். அன்று அங்கே இருக்கக் கிடைக்கவில்லை. எழுத்திலாவது இருந்து பார்த்தீர்கள்.

மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு தாய் தன் பிள்ளையின் கடைசி நேரத்தை எனக்கு மூன்று நாளில் மூன்று விதமாகச் சொன்னார். மூன்றிலும் அவர் பிள்ளையின் பக்கத்தில் இருந்தார். உண்மையில் அந்த நேரம் அவர் தண்ணீர் எடுக்க வரிசையில் நின்றிருந்தார். நான் திருத்தப் போகவில்லை. மனம் தாங்காத இடத்தில் அப்படி ஒரு தறப்பாள் கட்டிக்கொள்ளும். பல வருடம் கழித்து அவரே வரிசையில் நின்றதைச் சொல்லி அழுதார். பெயரைச் சொல்லாமல் மற்றவர்களுக்கும் சொல்லுங்கோ என்றார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவர் செய்ததற்கும் நீங்கள் செய்ததற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் அதை அச்சடித்து, மேலே 'சாட்சி' என்று தலைப்புப் போடவில்லை.

மே மாதம் வந்தால் நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதை ஜெபக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ஒருதரம் காட்டுங்கள். இரவில் தாங்கமுடியாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம்.

ஒரே சொல், இரண்டு இடம்

கோட்டிலும் சாட்சி என்கிறோம், கோயிலிலும் சாட்சி என்கிறோம். இரண்டும் வேறு வேறு சொல் இல்லை. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்கத்திலும் அப்படித்தான்: நீதிமன்றத்தில் கண்டதைச் சொல்கிறவனுக்கு இருந்த பெயர்தான் பிறகு உயிரைக் கொடுத்தவர்களுக்கும் வந்தது. தமிழில் 'இரத்தசாட்சி' என்று அழகாக ஆக்கிவைத்திருக்கிறோம். கண்டதைச் சொல்வது என்ற அடி அதில் அப்படியே கிடக்கிறது.

எழுத்துக்காரரான உங்களுக்கு லூக்காவின் முதல் நான்கு வசனங்கள் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவர் எதையும் நேரில் கண்டவர் அல்லர். அதை மறைக்கவும் இல்லை. கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதை ஆதிமுதல் விசாரித்து எழுதுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். உங்கள் குடும்பத்தில் கண்ணாரக் கண்டவர் யார்? அண்ணி. வட்டுவாகல் பாலத்தடியில் நின்றவர் அவர். நீங்கள் விசாரித்திருக்க வேண்டிய ஒரே ஆளிடம் ஒரு சொல்லும் கேளாமல் அவருடைய வாயால் மன்னிப்பையும் சொல்லவைத்துவிட்டீர்கள். எனக்கு மடியைவிட இதுதான் பெரிய பிழையாகப் படுகிறது.

கற்பனை கூடாது என்று நான் சொல்லவரவில்லை. இயேசு சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியனுக்கு அடையாள அட்டை இலக்கம் கேட்பவர் எவருமில்லை. கேட்பவனுக்கு அது கதையென்று தெரியும். 'சிறுகதை' என்று போட்டு, உங்கள் குடும்பத்தின் சாயல் இல்லாமல் மடியில் இறந்த ஒருவனை எழுதுங்கள், நானே வாசிப்பேன். சாட்சி என்று போட்டால் மட்டும் உங்கள் கையைக் கட்டிப்போட்டு எழுத வேண்டும்.

உங்கள் தலைவர், சாட்சி என்றால் வெற்றியில் முடிய வேண்டும் என்கிறாராம். 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள்: தோழரைத் தூரமாக்கினீர் என்ற முறைப்பாட்டோடு நின்றுவிடுகிறது, ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகள், கல்லறையிலிருந்து ஓடிய பெண்கள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்ற இடத்தில் முடிகின்றன. இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்த கதையோ நான்கு நற்செய்தி நூலிலும் இருக்கிறது. அவரே வாய் திறக்காமல் அது ஏட்டில் ஏறியிருக்காது என்பது என் எண்ணம். 'நான் அங்கே இருக்கவில்லை' என்று நீங்கள் எழுதினால் அது பேதுரு அன்று குளிர்காய்ந்த நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கும் எழுத்து.

இதில் சட்டப் பக்கமும் உண்டு, அதை நீங்கள் யோசிக்கவில்லை. உங்கள் அண்ணனைப் போலச் சரணடைந்தவர்களுக்காக வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் போடப்பட்டிருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் (ஓ.எம்.பி.) குடும்பங்கள் வாக்குமூலம் கொடுத்திருக்கின்றன. அண்ணியிடமும் ஒரு பைல் இருக்கும். சரணடைந்தார் என்று மனைவி சொல்ல, ஷெல்லில் செத்தார் என்று கூடப்பிறந்த தம்பி அச்சில் எழுதியிருந்தால், அந்தத் தாளை ஒருநாள் யாரோ எடுத்து நீட்டலாம். ஆகவே திருத்தம் கட்டாயம் வரவேண்டும், அதே இதழில். நீளமாக வேண்டாம்: 'நான் எழுதிய சாட்சியில் அண்ணன் என் மடியில் இறந்ததாகச் சொன்னது நடந்ததல்ல. 2009 ஏப்ரல் 20க்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. மே 18 அன்று அவர் சரணடைந்ததை அவர் மனைவி கண்டார். குடும்பம் இன்னும் அவரைத் தேடுகிறது.' விளக்கமோ வசனமோ சேர்க்காதீர்கள். அச்சுக்குப் போகமுதல் அண்ணிக்குக் காட்டுங்கள். அவர் மாற்றச் சொல்லும் சொல்லை மாற்றுங்கள். இதழ் போட மறுத்தால், கையொப்பமிட்ட கடிதமாக எழுதி அண்ணியின் பைலில் வைக்கக் கொடுங்கள். வேறு பத்திரம் ஏதும் தேவையா என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்கலாம்.

அண்ணியின் 'கசப்பு'

அண்ணன் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொண்டால் அண்ணிக்கு அமைதி வரும் என்று நினைக்கிறீர்கள். எங்கள் துறையில் அண்ணியின் நிலையைத் தெளிவற்ற இழப்பு என்போம். வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் மனைவியரோடு வேலை செய்த போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்த பெயர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்றால் துக்கத்துக்குத் தொடக்கமே கிடைக்காது. வெளியிலிருந்து ஒருவர் 'முடிந்துவிட்டது' என்று அறிவிப்பது உதவி செய்யாது. கணவனைக் கைவிடு என்று சொல்வதுபோலவே காதில் விழும். அரசாங்கம்கூட 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழிவிட்டது. அதையும் வேண்டாம் என்று நிற்கிற தாய்மார் இருக்கிறார்கள். 'காணாமற்போகவில்லை, காணாமல் ஆக்கப்பட்டார்கள்' என்று அவர்கள் சொல்லைத் திருத்துவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல்லோடு பழகுகிற உங்களுக்கு அந்த வித்தியாசம் விளங்க வேண்டும்.

மன்னிப்பு நற்செய்தியின் நடுவிலே இருக்கிறது, மறுக்கவில்லை. அதே நற்செய்தியில், எனக்கு நியாயம் செய்யும் என்று நீதிபதியின் வாசலுக்கு ஓயாமல் போன விதவையும் இருக்கிறாள். போய் மன்னித்துவிட்டு வீட்டில் இரு என்று இயேசு அவளுக்குச் சொல்லவில்லை; அவளைக் காட்டி மற்றவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தார். கந்தசுவாமி கோயிலடியில் அந்த விதவை வெயிலில் இருக்கிறாள் என்று நீங்கள் எழுதியிருக்கலாமே? வைகாசியில் அண்ணி வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துப் போவதைக் கடிதத்தில் குறையாகச் சொல்கிறீர்கள். அங்கே இருப்பவள் கண்ணகி. புருஷனுக்கு நீதி கேட்ட ஒருத்தியிடம் இன்னொருத்தி போய் நிற்கிறாள். நீங்கள் கூடப் போகவேண்டாம், ஏளனமாக ஒரு சொல் சொல்லாமல் இருந்தால் போதும். வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு கூடவே போன அருட்தந்தை பிரான்சிஸ் யோசப்பும் திரும்பி வரவில்லை. வன்னியில் நற்செய்தியை வாழ்வது என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது அவர் அன்று எடுத்துவைத்த அடிகள்தான்.

மே மாத நினைவேந்தலில் கொடுக்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் குடிக்காமல் திரும்பினேன், படையல் என்று பயந்தேன் என்கிறீர்கள். அது அரிசியும் தண்ணீரும் உப்பும், தம்பி. அந்த நாட்களில் அதைக் குடித்துத்தான் உங்கள் அம்மாவும் உயிரோடு வந்தார். வருகிற மே மாதம் அண்ணி நீட்டினால் வாங்குங்கள்.

எல்லாம் இழந்த யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் இராப்பகல் அவனோடு நிலத்தில் சும்மா இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் பிழைத்தது. உளவளத்துணை படிக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். சைவப் பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

முழுநேரமும் புத்தகமும்

இதில் அதிகம் சொல்ல இல்லை. வேலையை விடாதீர்கள். பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்துக்கொண்டுதான் பேசினார். கெரசேனர் நாட்டில் குணமானவன் படகில் தானும் வருகிறேன் என்று கெஞ்ச, இயேசு அவனை ஏற்றவில்லை. உன் வீட்டுக்குப் போ, உன் இனத்தாருக்குச் சொல் என்றுதான் அனுப்பிவிட்டார். உங்கள் இனத்தார் இரண்டு வளவு தள்ளி இருக்கிறார்கள். கொழும்பு எனக்கு அந்தப் படகாகத்தான் தெரிகிறது.

புத்தகத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். பெயரை மாற்றிவிடுகிறேன் என்கிறீர்கள். 60 வீடுள்ள ஊரில் பெயரை மாற்றி என்ன பலன்? மூன்று பிள்ளையும் ஒரு தையல் மெசினும் என்று எழுதினாலே ஆளைத் தெரியும். பின்னாளில் எழுதுவதென்றால், ஒவ்வொருவருக்கும் முழுப் பிரதியையும் வாசித்துக் காட்டி, ஒரு மாதம் பொறுத்துத் திரும்பக் கேளுங்கள். சபையில் எல்லார் முன்னாலும் கேட்டு வாங்கும் சம்மதம் சம்மதமாகாது. வேண்டாம் என்றவரின் பக்கம் வராது என்பதைப் பணம் தருகிறவர்களுக்கும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

எழுத்தை விடவா என்று கேட்டீர்கள். விடவேண்டாம். அண்ணியின் வாசல் திறக்கும்வரை இதழுக்குக் கொடுக்காமல் கொப்பியில் எழுதுங்கள். ஏப்ரல் 20 காலையில் தொடங்குங்கள்: அம்மாவின் கை, தண்ணீரின் ஆழம், அண்ணன் தள்ளிய இடம். நீங்கள் கண்டது மட்டும்.

இரண்டு காப்பு

இனி அந்த மற்ற வரி. மூன்றாம் தாளின் அடியில், அடைப்புக்குறிக்குள்: '2010இல் அண்ணியிட்டை வாங்கி வவுனியாவில் அடைவு வைச்ச இரண்டு காப்பும் அறுதியாகிப் போச்சு, அதையும் ஆண்டவர் மன்னிச்சிட்டார்.'

நான்கு தாள் கடிதத்தில் ஒரு வரி. அந்தக் காசில் வேலைக்குப் போக மோட்டர்சைக்கிள் வாங்கினீர்கள். அந்த வேலையில்தான் இன்றும் இருக்கிறீர்கள். ஆண்டவர் மன்னித்தது உங்களுக்கும் அவருக்கும் இடையில். காப்பு அவருடையதல்ல, அண்ணியுடையது. காணிக்கையோடு பீடத்தடிக்கு வந்தபிறகு சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுவந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்பது மலைப்பிரசங்கம். எழுத்தும் ஒரு காணிக்கைதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான். நான் உங்களிடம் அவ்வளவு கேட்கவில்லை.

ஆனால் 2010இல் கிடைத்த அடைவுக் காசை ஒரு என்வலப்பில் போட்டு நீட்டாதீர்கள். அது கடன் தீர்ப்பதாகாது. பவுணாக வாங்கினீர்கள், பவுணாகவே கொடுங்கள். இன்றைய விலைக்கு லிகிதர் சம்பளத்தில் ஒரேயடியாக முடியாது என்பது தெரியும். ஒரு சீட்டுப் பிடியுங்கள், முதலில் ஒரு காப்பு, பிறகு மற்றது. மோட்டர்சைக்கிள் இன்னும் இருந்தால் விற்பதைப் பற்றியும் யோசியுங்கள். மனைவிக்குச் சொல்லாமல் செய்யாதீர்கள். இன்னொரு வீட்டில் இன்னொரு பெண்ணின் நகைக்குக் கண் போகக்கூடாது. இதைப்பற்றி ஒரு வரியும் எழுதவேண்டாம், சபையில் சொல்லவும் வேண்டாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற வசனம் எழுதுகிறவர்களுக்கென்றே சொன்னதோ என்று எனக்குச் சிலவேளை தோன்றும்.

அண்ணி கதவைத் திறக்காமலும் இருக்கலாம். காப்பு வந்துவிட்டது என்பதற்காக அவர் உங்களோடு கதைக்கவேண்டும் என்று இல்லை. பெறாமகளுக்கு மட்டும் பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள். அண்ணியிடம் யாரையாவது கொண்டு கேட்டு, அவர் சரி என்றால் நேரில் சொல்லுங்கள்: 'அப்பா செத்தது எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. பொய் எழுதினேன்.' அவள் கேட்கிற மற்றக் கேள்விகளுக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள்.

காப்புச் செய்யக் கொடுக்கமுதல் அளவு கேட்டு வாங்குங்கள். பழைய அளவு உங்களுக்கு நினைவிருந்தாலும் அதை வைத்துச் செய்யாதீர்கள். இத்தனை வருடத்தில் அண்ணியின் கை மெலிந்திருக்கும்.